ஒரு சொல்லில் இரண்டு வீடு

நாற்பத்தொரு பேர் மூழ்கிப்போன படகின் கோப்பைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டி வந்திருந்தாள் அந்தப் பெண் அதிகாரி. படகில் இருந்த எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்தது மட்டமான பஞ்சு. தண்ணீர் பட்டதும் கல்லாய்க் கனத்தது. விற்ற வியாபாரி இந்த நாட்டுக்காரன். நல்ல சரக்கென்று சான்றிதழ் கொடுத்த துறைமுக அதிகாரி அவள் நாட்டுக்காரன். இடையில் லஞ்சம் கைமாறியதற்கு ஆதாரம் வேண்டும்.

அவளுக்கு உதவ நியமிக்கப்பட்ட இன்ஸ்பெக்டரை ஸ்டேஷனில் எல்லோரும் 'நிதானம்' என்றே சொல்வார்கள். அவருடைய முதல் பேச்சே அவளுக்குக் கசந்தது.

"நீங்க கூட வரலாம், பாக்கலாம். கதவைத் தட்டுறது, கேள்வி கேக்குறது, காகிதத்தைத் தொடுறது எல்லாம் நாங்கதான். இங்க சட்டம் எங்களோடது."

"ஆதாரம் கண்ணெதிரே கிடந்தாலுமா?"

"கிடந்தா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கங்க."

அவள் அம்மா இந்தப் பக்கத்தவர். அதனால் மொழி தெரியும். எங்கெங்கே சோதனை போட வேண்டும் என்று அவள் நாடு அனுப்பிய கோரிக்கைக் கடிதத்தின் மொழிபெயர்ப்பைப் படித்ததும் பதறினாள்.

"வியாபாரியோட ஆபீசும் அண்ணி வீடும்னு எழுதியிருக்கீங்களே! அண்ணி இல்லீங்க, மச்சினி. பெண்டாட்டியோட தங்கச்சி!"

மொழிபெயர்ப்பாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "உங்க பாஷையில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைம்மா. நான் என்ன ஜோசியமா பாத்தேன்?"

பிழையான நகல் காலையிலேயே அமைச்சகத்து அதிகாரியின் பார்வைக்குப் போயிருந்தது. திருத்தியதை நிதானமே மாஜிஸ்திரேட்டிடம் எடுத்துப் போனார். குமாஸ்தா தட்டச்சு செய்த சோதனை உத்தரவு, முத்திரையிட்ட உறையில் அவர் சட்டைப்பைக்குள் வந்தது.

மறுநாள் வியாபாரியின் அலுவலகத்தில் அலமாரிகள் துடைத்து வைத்ததுபோல் கிடந்தன. கோப்புகள் இருந்த இடங்களில் மட்டும் தூசி படியவில்லை.

"தாராளமா தேடுங்க சார்," என்று சிரித்தான் வியாபாரி. "எங்க அண்ணியை மட்டும் அலைக்கழிக்காதீங்க. பாவம், புருஷனைப் பறிகொடுத்தவங்க."

ஜீப்பில் ஏறியதும் அவள் வெடித்தாள். "பூனை கிளம்பறதுக்கு முன்னாடியே எலிக்குச் சேதி போயிருக்கு!"

"போயிருக்கு. யார் சொன்னதுன்னு அவனே சொல்லிட்டானே. அண்ணியைப் பத்தி நாம வாயைத் திறந்தோமா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நம்மளையும் மாஜிஸ்திரேட்டையும் விட்டா, கடிதத்தைப் பாத்தவங்க மூணு பேர்," என்றார் நிதானம். "மொழிபெயர்ப்பாளருக்குத் திருத்தம் தெரியும், அவர் சொல்லியிருந்தா மச்சினின்னு சொல்லியிருப்பார். குமாஸ்தா பாத்தது திருத்தினதை மட்டும். பழைய நகலை மட்டும் பாத்தவர்..."

"அமைச்சகத்து அதிகாரி!"

"சரி. ஆபீசுக்கும் அண்ணி வீட்டுக்கும் போலீஸ் வருதுன்னு தெரிஞ்சவன், காகிதத்தை எங்க கொண்டுபோய் வைப்பான்?"

"போலீஸ் வராதுன்னு நினைக்கிற வீட்டுல... மச்சினி வீட்டுல!"

நிதானம் சட்டைப்பையைத் தட்டிக்கொண்டார். உத்தரவில் அலுவலகத்தோடு இருந்தது அந்த வீடுதான்.

துணி துவைத்த ஈரக்கையோடு மச்சினி கதவைத் திறந்தாள். உத்தரவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "அத்தான் நேத்து கொண்டுவந்து வச்சாங்க. என்ன ஏதுன்னு நான் கேக்கலைங்க."

நான்கு பெட்டிகள். முதல் பெட்டியின் மேலாகவே துறைமுக அதிகாரி கையெழுத்திட்ட கடிதம். தனக்கு வரவேண்டிய தொகையையும் எழுதியிருந்தான். மின்விசிறிக் காற்றில் அந்தத் தாள் எழும்பி அவள் காலடியில் விழுந்தது. செத்த குழந்தைகளின் உடம்பிலிருந்து, தண்ணீரில் ஊறிய ஜாக்கெட்டுகளைக் கழற்றிய கைகள் அவளுடையவை. அவை முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன.

"சார், ஒரு காகிதம் விழுந்துடுச்சு," என்றாள்.

நிதானம் சாட்சிகளை அருகே அழைத்து, அதன் பிறகே குனிந்து எடுத்தார்.

மாலையில் கடிதத்தைப் பார்த்த மூவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து நடந்ததை விளக்கினார். அமைச்சகத்து அதிகாரி மேஜையில் ஓங்கி அறைந்தார். "வெளிநாட்டுக்காரி முன்னாடி நம்ம மானத்தைக் கப்பலேத்துறீங்களா? நாட்டோட இறையாண்மை என்ன ஆறது?"

"அதுக்காகத்தான் சார் உங்களை நாங்களே கைது பண்றோம்," என்ற நிதானம், தொலைபேசிப் பதிவை அவர் முன் நகர்த்தினார். அவர் அறையிலிருந்து வியாபாரிக்குப் போன அழைப்பு அதில் இருந்தது.

அவர் நாற்காலியில் சரிந்தார். "ஒரு வார்த்தைதானேய்யா சொன்னேன்..."

அவள் நிதானத்தைப் பார்த்தாள். "நான் பேசலாமா? கேள்வி இல்லை."

"பேசுங்க."

"செத்ததுல பதினோரு பேர் குழந்தைங்க."



அவள் வெறுங்கையோடுதான் ஊர் திரும்பினாள். செத்தவர்களின் வீட்டார் அவளை வாசலில் நிற்கவைத்தே ஏசினார்கள், வாங்கிக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து, சான்றளித்த ஆவணங்கள் முறைப்படி நீதிமன்றத்துக்கு வந்துசேர்ந்தன. அவளே அவற்றை மச்சினி வீட்டில் கொண்டுபோய் வைத்தாள் என்று நிரூபிக்க எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று நாள் மல்லுக்கட்டினார். எடுத்தது யார், முத்திரை வைத்தது யார், சாட்சி யார் என்று சோதனைக் குறிப்பில் எல்லாம் வரிவரியாக இருந்தது. அவள் பெயர் வந்தது ஒரே இடத்தில்: 'உடனிருந்தார், எதையும் தொடவில்லை.'

வக்கீல் அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தார். துறைமுக அதிகாரிக்குப் பன்னிரண்டு ஆண்டு கிடைத்தது.