நான்காவது வளையம்

அந்த மரவீட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மொழி தெரியாத நாடு. பேருந்து வழியில் இரண்டு முறை நின்றுவிட்டது. எங்கள் பைகளில் ஒன்று எந்த ஊரில் இறங்கிப் போனதென்று இன்றுவரை தெரியாது. கடைசி ஆறு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் நடை.

"ஞானம் கிடைக்குதோ இல்லையோ, காய்ச்சல் நிச்சயம்" என்றான் மாத்திரை. அண்ணனின் கல்லூரி நண்பன். ஒரு தும்மலுக்கே பையைத் திறந்து மாத்திரை தேடுவான். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

"இன்னிக்கே பேசி முடிச்சுக்கோடா. நாளையிலேர்ந்து பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது" என்றான் அண்ணன்.

"நான் சமாளிச்சுப்பேன். பாப்பாவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. மூணாம் நாளே வெடிச்சிடுவா."

பாப்பா என்பது நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் மூச்சு நின்ற நேரத்தில் அண்ணன் மருத்துவமனை கேன்டீனில் காபிக்கு வரிசையில் நின்றிருந்தான். அதன்பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை, சரியாகத் தூங்கவில்லை. அந்தக் காட்டில் பத்து நாள் மௌனமாக உட்கார்ந்தால் போனவர்களின் குரல் கேட்கும் என்று யாரோ சொல்ல, கிளம்பிவிட்டான். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவனைத் தடுக்க முடியாது. நீ கூடப் போ. என்ன ஆனாலும் திரும்பக் கூட்டிட்டு வா."

மரவீட்டிலிருந்து தியானப் பாறைக்கு அரை மணி நடை. அந்தக் காட்டில் பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். கையை நீட்டினால் விரல் தெரியாது. அதனால் ஒரே கயிற்றில் நான்கு வளையம் போட்டு, ஆளுக்கொன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பேசக் கூடாதென்பதால் நூறு அடிக்கு ஒருமுறை கயிற்றை இழுத்து ஆளைச் சரிபார்ப்போம். முதலில் போகும் அண்ணன் ஒரு இழுப்பு. மாத்திரை இரண்டு. நான் மூன்று. எனக்குப் பின்னால் கடைசியாக வரும் உள்ளூர் வழிகாட்டி நான்கு.

நான்காம் நாள் வழிகாட்டிக்குக் காய்ச்சல். கட்டிலில் சுருண்டு கிடந்தார். அண்ணன் காத்திருக்க மாட்டேன் என்று தலையாட்டினான். நான் கயிற்றை எடுத்தபோது வழிகாட்டி என் கையைப் பிடித்தார். நான்காவது வளையத்தைத் தொட்டுக் காட்டி, விரல்களை எதையோ பிரிப்பதுபோல் ஆட்டினார். மறுபடி ஆட்டினார். கண்ணில் கெஞ்சல். என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்கு அவர் மொழி தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கயிற்றைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்கிறார் போல என்று நினைத்து, புரிந்தவள்போல் தலையாட்டினேன்.

பாதி வழியில் பனி இறங்கியது. அழுகிய இலை வாசனை. எங்கிருந்தோ நீர் சொட்டும் ஓசை. காலி வளையம் எனக்குப் பின்னால் சருகில் சரசரவென்று இழுபட்டு வந்தது.

பிறகு அந்தச் சரசரப்பு நின்றது.

நடந்துகொண்டுதான் இருந்தோம். ஓசை மட்டும் இல்லை.

அண்ணன் நின்று ஒருமுறை இழுத்தான். மாத்திரை இரண்டு. நான் மூன்று.

என் இடுப்புக்குப் பின்னாலிருந்து நான்கு முறை இழுபட்டது.

வழிகாட்டிதான் எழுந்து வந்துவிட்டார் என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. திரும்பினேன். வெள்ளைப் பனி. அதற்குள்ளிருந்து கயிறு என் இடுப்பு உயரத்தில் விறைத்து நின்றது.

அந்த நான்கு இழுப்பும் எங்கள் இடுப்புகள் வழியாக முன்னே போயிருக்க வேண்டும். அண்ணன் தன் வளையத்தைக் கழற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி பின்னோக்கி வந்தான். மாத்திரையைத் தாண்டி என்னருகே வந்தான். எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் சட்டையைப் பிடித்தேன். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவன் என் உதட்டின்மேல் விரலை வைத்தான். பிறகு ஓசையில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தான்.

அம்மா.

நான் பேசியிருக்கலாம். ஒரு சொல் போதும். அவன் விரலுக்குக் கீழ்ப்படிந்து பேசாமல் இருந்தேன். அவன் பனிக்குள் போனான்.

கயிறு தளர்ந்தது.

"அண்ணா!"

நான்கு நாள் அடைத்துக்கிடந்த குரல், எனக்கே அந்நியமாக இருந்தது. மாத்திரையும் கத்தினான். கயிற்றை இழுத்தேன், கனமில்லாமல் வந்தது. நனைந்த கயிற்றில் நான்காவது வளையம் மட்டும் காய்ந்து, அப்போதுதான் யாரோ கழற்றியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

ஏழு நாள் தேடினார்கள். மோப்ப நாய்கள் ஒரே இடத்தில் நின்று முனகின. வழிகாட்டி என்னிடமிருந்து கயிற்றை வாங்கி, அதே விரல் அசைவில் நான்காவது முடிச்சைப் பிரித்துவிட்டு அழுதார். ஆள் இல்லாத வளையத்தை அவிழ்த்துவிட வேண்டும். அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

வீட்டு வாசலில் அப்பா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அவன் எங்க பாப்பா?"

பதினான்கு வருடம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். பேச்சும் போய்விட்டது. அவர் மணிக்கட்டிலிருந்து என் மணிக்கட்டுக்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டேன். தண்ணீர் வேண்டுமென்றால் இழுப்பார். போன மாதம் போய்விட்டார். அவர் பக்கத்து முனையைக் கட்டில் கம்பியில் கட்டினேன். என் கையிலிருந்து அவிழ்க்க மனம் வரவில்லை.

பதினாறாம் நாள் மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கயிறு ஒருமுறை இழுபட்டது. அப்பாவின் நடுக்கமான இழுப்பு அல்ல. நிதானமாக இழுத்து, ஒரு நொடி பிடித்து வைத்து, விட்டது. அண்ணன் அப்படித்தான் இழுப்பான்.

மறுநாளும் அதே நேரத்தில். மாத்திரையைப் போனில் கூப்பிட்டேன். வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான்.

"உனக்கும் வருதா?" என்றேன்.

"கடை ஸ்கிரீன் கயித்துல வருது. ஒண்ணு வரும். அப்புறம் என்னோட ரெண்டுக்காகக் காத்திருக்கும். நான் தொடறதே இல்ல. நீயும் தொடாத."

"அண்ணன்தானேடா? அவனைக் கூட்டிட்டு வரேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டுப் போனேன்."

"முன்னாடி இருக்கிறது அவன்தான். கடைசியில இருக்கிறது யாரு? அது உன் பின்னாடிதானே நடந்து வந்துது, பாப்பா."

இன்று மதியம் கயிறு ஒருமுறை இழுபட்டது.

பிறகு இரண்டு.

மாத்திரையின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுப்பாரில்லை.

இதை இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் கயிறு விறைத்து நிற்கிறது, என் மூன்றுக்காக. கட்டில் முன்னறையில் இருக்கிறது. கயிறு அந்தப் பக்கம்தான் போகிறது. எனக்குப் பின்னால் சுவரைத் தவிர எதுவும் கிடையாது.

முதுகில் வெதுவெதுப்பாக இருக்கிறது.