வலைக்குள் இருந்த ஆள்

அரியாலையில் கடலுக்குப் போகும் ஒழுங்கையில் புதிதாக ஒரு விளக்கு வந்திருந்தது. அதன் கழுத்தில் சின்னக் கமெரா. ஆளோ ஆடோ வருவதைக் கமெரா கண்டால் விளக்கு பளிச்சென்று எரியும். ஒழுங்கை வெறுமையானால் மங்கிவிடும். பொறியியலாளர் வித்தியா அக்காதான் அதைக் கம்பத்தில் பூட்டியவர்.

சாருஜா நடந்தபோது விளக்கு எரிந்தது. ஆட்டுக்கும் எரிந்தது. சாருஜாவின் அப்பா நடராசா வலையோடு போனபோது மட்டும் எரியவில்லை. இருட்டில் கல் அடித்து, பெருவிரல் வீங்கி, நொண்டிக்கொண்டு திரும்பினார்.

“நடராசா, உன்னை அது ஒரு ஆளாவே மதிக்கேல்லை,” என்று பக்கத்து வீட்டுத் தம்பிஐயா சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். சாருஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கும் அப்பா அந்தக் கல்லைத் தாண்டித்தானே போகவேண்டும்?

“திரும்பி வரேக்கை எரிஞ்சதோ, அப்பா?”

“ஓம் பிள்ளை. வலையை விட்டிட்டு வெறுங்கையோடை வரேக்கை நல்லா எரிஞ்சது.”

சாருஜா ஒரு பழைய வலையை எடுத்தாள். அப்பாவைப் போலவே தலையிலிருந்து முழங்கால் வரை போட்டுக்கொண்டு ஒழுங்கையில் நடந்தாள். விளக்கு எரியவில்லை. வலையை உதறிப் போட்டாள். பளிச்.

அடுத்த நாள் அப்பா சொல்லியனுப்ப, வித்தியா அக்கா வந்தார். சாருஜா அவர் முன்னாலும் நடந்து காட்டினாள்.

“பிழை எங்கடை,” என்றார் வித்தியா அக்கா. “படங்களைக் காட்டித்தான் கமெராவைப் பழக்கினது. வலை சுமக்கிற ஆளின்ரை படம் ஒண்டும் அதிலை இல்லை. உங்கடை அப்பாவை வலைக் குவியல் எண்டு நினைச்சிட்டுது.”

“அப்ப இப்ப காட்டுவம், அக்கா.”

சாருஜா வீடு வீடாக ஓடினாள். கடற்றொழிலாளர்கள் எல்லோரும் வலையோடு வந்து கமெராவின் முன்னால் நடந்தார்கள். தம்பிஐயா பவுடர் பூசி, தலை இழுத்துச் சீவி வந்திருந்தார்.

“மாமா, வலைக்குள்ளை முகம் தெரியாது.”

“படம் எடுக்கிற இடத்துக்குச் சும்மா வரேலுமே?”

கமெரா பழகும்வரை சாருஜாதான் ரோச் லைற் பிடித்து அப்பாவைக் கடல்வரை கூட்டிப்போனாள்.

அடுத்த கிழமை ஒரு மாலை. அப்பா வலையோடு ஒழுங்கையில் இறங்கினார். சாருஜா ரோச் லைற்றை நிமிர்த்தினாள். அதற்கு முன்பே கல், பாதை, அப்பாவின் கால்கள் எல்லாம் வெளிச்சமாயின.

அப்பா நின்றார்.

“பெரிய உபகாரம்.”

“அப்பா, விளக்குக்குக் காது இல்லை.”

“உனக்குத்தான் சொன்னனான், பிள்ளை,” என்றது வலை.