மலைக் கிராமம் பற்றி ஏழு வரி

கலைக்களஞ்சியப் பதிப்பாளர் இரண்டு கட்டுகளைத் துப்பறிவாளரின் மேசையில் விரித்தார். ஒன்று, போட்டி நிறுவனம் போன மாதம் வெளியிட்ட புத்தகம். மற்றது, போன வாரம் அச்சுக்குப் போகவிருந்த அவருடைய புத்தகத்தின் திருத்தப்படி. இரண்டிலும் ஒரு மலைக் கிராமத்தைப் பற்றி ஏழு வரிகள்: அதன் மொழி, அங்கே குடியேறிய துறவிகள், இடிந்துபோன மடம். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"எங்க பக்கத்தை யாரோ முன்னாடியே வித்துட்டாங்க. இந்தப் பொண்ணுதான்னு ஆசிரியர் சொல்றார். வேலையை விட்டு நிறுத்திட்டேன். போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேன்."

உதவி ஆசிரியையான அந்தப் பெண் கதவோர நாற்காலியில் நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். கலைக்களஞ்சியத்தின் தலைமை ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குறிப்பை எழுதினது யாரு?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"நான்தான்" என்றார் ஆசிரியர். "போன வருஷம் நேர்லயே போய்ப் பார்த்து எழுதினேன்."

துப்பறிவாளரின் மச்சினன், இன்சூரன்ஸ் ஏஜென்ட், மேசையோரத்திலிருந்து துள்ளி எழுந்தான். "மாமா, போட்டிக் கம்பெனிக்குப் போய் விசாரிச்சுட்டு வரட்டுமா?"

"நீ போனா இன்சூரன்ஸ் வித்துட்டுத்தான் வருவே. அந்த வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டு, கிராமத்துக்கு வழி கேளு." பதிப்பாளரிடம் திரும்பினார். "திருடறவங்களைப் பிடிக்க இல்லாத ஊர் ஒண்ணை எழுதி வைக்கிற வழக்கம் உங்க தொழில்ல உண்டே?"

"எங்க புத்தகத்துலயும் உண்டு. எது பொய்னு எனக்கும் ஆசிரியருக்கும்தான் தெரியும்."

"அது போட்டிக் கம்பெனி புத்தகத்துல இருக்கா, பாருங்க."

பதிப்பாளர் புரட்டினார். "இல்லை."

"மொத்தமா வித்திருந்தா அதுவும் போயிருக்கணும். இந்த ஏழு வரியை மட்டும் யார் விலை கொடுத்து வாங்குவாங்க?"

மச்சினன் போனை வைத்தான். "அப்படி ஒரு ஊரே கிடையாதாம் மாமா. சிரிக்கிறாங்க."

"கிடையாதுதான். அது போட்டிக் கம்பெனி வெச்ச பொறி. சரக்கு இங்கிருந்து அங்க போகலை. அங்கிருந்து இங்க வந்திருக்கு."

யாரும் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கவில்லை. துடைத்த கண்ணாடியை அவர் போட்டுக்கொள்ளவும் இல்லை.

"கடைசிப் பக்கத்துல ஏழு வரி காலியா இருந்தது. அவங்க புத்தகம் மேசையிலயே கிடந்தது" என்றார். "யார் வித்ததுன்னு நீங்க கேட்டப்போ, எதிர்ல இவதான் நின்னா."

பதிப்பாளர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா. நானும் விசாரிக்காம நம்பிட்டேன்."

"வரேன் சார். ஆனா, திருட்டுப் பட்டம் வாங்கினவ கையால எதுவும் வேண்டாம்னு அப்பா ஒரு வாரமா தண்ணிகூட வாங்கிக் குடிக்கலை." அவள் ஆசிரியரைப் பார்த்தாள். "அவர்கிட்ட நீங்க வந்து சொல்லணும்."

"கடிதமா எழுதிக் கொடுத்துடறேனே, அம்மா" என்றார் ஆசிரியர்.

"வேண்டாம் சார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

கீழே, பதிப்பாளர் காரின் முன்கதவை அவளுக்குத் திறந்துவிட்டார். ஆசிரியர் பின்சீட்டில் ஏறி, வீட்டுக்கு வழி சொல்லும் அவளுடைய குரலைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டு போனார்.