அச்சுக்கல்லில் ஒரு காலியிடம்

காலை ஒன்பதேகால். திருவனந்தபுரம் சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழில் படிக்கும் நால்வரில் ஒருத்தியான ராகேல், வகுப்பின் அச்சறையைத் திறந்தாள்; நின்றுவிட்டாள். முந்தின மாலை அச்சுக்கல்லின்மேல் நான்கு கட்டுரைகள் ஈய எழுத்தில் கோத்து வைக்கப்பட்டிருந்தன. இப்போது மூன்று. சக மாணவன் பஞ்சாபகேசனுடையதைக் காணோம், அதன் கைப்பிரதியையும் காணோம். பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குச் சென்னைப் பத்திரிகை ஆசிரியர் வருகிறார். அச்சான கட்டுரைகளைப் படித்து ஒரே ஒரு நிருபரைப் பொறுக்குவார். 1943-ல் இந்தப் படிப்புக்கு அதைவிட்டால் வேலையில்லை. போன வருஷம் தேறியவர்களில் மூவர் குமாஸ்தாக்கள். நான்காமவரான சத்தியதாஸ் வேலை கிடைக்காமல் இதே வகுப்பில் பாடம் நடத்துகிறார். பஞ்சாபகேசன் இன்று தேர்வாகாவிட்டால் திங்கட்கிழமை முதல் ஆரியசாலையில் மாமாவின் பெருங்காயக் கடை. ஆயுளுக்கும் அந்த வாசனைதான்.

ராகேல் யாரையும் உள்ளே விடவில்லை. வந்தவர்களிடம் தனித்தனியாக ஒரே வாக்கியம் சொன்னாள்: "உள்ள களவு போயிருக்கு."

வெங்கடேஸ்வரன்: "எந்து போச்சு? என் குடையா?"

ஸ்ரீகண்டன், வகுப்பில் முதல்வன், தோள்பையை இரு கையாலும் அணைத்தபடி: "எப்போ பார்த்தே? போலீசுக்குச் சொல்லியாச்சா? ஆர் மேலயாவது சந்தேகம் உண்டோ?"

பஞ்சாபகேசன்: "என்ன களவு?" சொன்னாள். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "பெருங்காயம்தான்."

சத்தியதாஸ் வியர்வையோடு வந்தார். "போலீஸ் வந்தா ஆசிரியர் வாசலோட திரும்பிப் போயிடுவார்."

"போலீஸ் வேண்டாம் சார். ஸ்ரீகண்டன், அந்தப் பையைக் கீழ வையுங்க" என்றாள் ராகேல்.

"எதுக்கு?"

"என்ன போச்சுன்னு நான் சொல்லல. மத்த ரெண்டு பேரும் முதல்ல அதைத்தான் கேட்டாங்க. நீங்க மூணு கேள்வி கேட்டீங்க, அதை மட்டும் கேக்கல."

"பதற்றத்துல விட்டுப்போச்சு."

"ஒரு வருஷமா சார் அதைத்தான் முதல் கேள்வின்னு சொல்லித் தாறார். உங்களுக்கு அதுல நூத்துக்கு நூறு. தெரிஞ்சதை யாரு கேப்பா? நேத்து சார் பஞ்சாபகேசன் கட்டுரையைப் புகழ்ந்தார், உங்களுக்குப் பொறுக்கல. நான் முன்கதவைத் திறந்தப்ப பின்னால வெளிய போனீங்க. பையை இறக்க நேரம் கிட்டல."

பை தரையைத் தொட்டதும் உள்ளே ஈயம் சலசலத்தது. எழுத்துகள் கலைந்து ஒரே குவியல். இனி பதினொரு மணிக்குள் கோக்க முடியாது.

பத்திரிகை ஆசிரியர் வந்து குவியலைப் பார்த்தார்; நடந்ததைக் கேட்டார். "பஞ்சாபகேசன், அரை மணி தரேன். இந்தக் களவையே செய்தியா எழுதும்."

அவன் எழுத ஆரம்பித்ததும் ஸ்ரீகண்டன் குனிந்தான். "பேரை மட்டும் விட்டுடுடா. அப்பா வாசிச்சா உயிரை விட்டுடுவார்."

பேனா நின்றது. பஞ்சாபகேசன் மாமாவை நினைத்தான். பிறகு பெயரை இனிஷியலோடு எழுதினான்.

வேலை கிடைத்தது. ராகேலிடம் ஆசிரியர், "நல்ல மூளை அம்மா. எங்க ஆபீஸ்ல பெண்களுக்கு இன்னும் நாற்காலி போடலை" என்று வருத்தப்பட்டார்.

ஸ்ரீகண்டனுக்கும் அடுத்த மாதமே வேலை கிடைத்தது. யுத்தகாலத் தணிக்கை அலுவலகம், சம்பளம் கூடுதல். செய்தி வெளிவராமல் பார்த்துக்கொள்வதில் அவனுக்கு முன்னனுபவம் இருந்தது. பஞ்சாபகேசன் திருவனந்தபுரத்திலிருந்து அனுப்பிய முதல் செய்தி ஸ்ரீகண்டன் மேஜையைத் தாண்டவில்லை.