இடது கண்ணின் கறை

சவரம் செய்ய உட்கார்ந்த காலையில்தான் இனிகோ அதைக் கவனித்தான். வலது கண்ணில் சோப்பு நுரை பட்டு மூடிக்கொண்டபோது, கண்ணாடியில் அவன் முகத்தின் கீழ்ப்பாதி இல்லை. வாயும் தாடையும் இருக்க வேண்டிய இடத்தில், கடல் தண்ணீரில் மீன் குடலை அலசியது போல, செங்கறுப்பாய் ஒரு கறை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. வலி கொஞ்சமும் இல்லை.

புதுத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு அவன் கங்காணி. கண் போனால் வேலை போய்விடும். கண் டாக்டர் கிருபாநிதி அவன் கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெட்டினாவுல இருந்து ரத்தம் திரும்பிப் போற குழாய் அடைச்சிருக்கு. போக வழியில்லாம உள்ளயே கசிஞ்சு கிடக்கு. பிளட் பிரஷர்தான் காரணம். கண்ணுக்குள்ளயும் அழுத்தம் கூடியிருக்கு."

"சரியாயிருமா டாக்டர்?"

"ரத்தம் தானா வத்தணும். வத்தலேன்னா ஒளி பாய்ச்சிச் சுடுற வைத்தியம் இருக்கு, வெளியூருக்கு அனுப்புதேன். மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க. அடுத்த கண்ணுக்கும் ஆபத்து."

மனைவி அமலோற்பவம் மாத்திரையை வேளை தவறாமல் கொண்டுவந்து தந்தாள். காலையும் மாலையும் அவன் தலையை மடியில் சாய்த்துச் சொட்டு மருந்து விட்டாள். விட்ட பிறகும் இமையை விடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். பன்னிரண்டு வருஷத்தில் அவளிடம் அவன் காணாத பரிவு அது.

அவள் முதலில் மரியானின் பெண்டாட்டி. கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் மரியான் கடலடியில் இருந்தபோது, தோணியில் அவன் கயிற்றைப் பிடித்திருந்தவன் இனிகோ. தூக்கச் சொல்லி மூன்று முறை கயிறு இழுபட்டது. இனிகோ கரையைப் பார்த்தபடி நின்றான். கயிறு பாறையில் சிக்கிவிட்டதென்று எல்லோரிடமும் சொன்னான். மேலே வந்த பிணத்தின் இரண்டு கண்ணும் ரத்தக்கட்டியாக இருந்தன. மறுவருஷம் அவளைக் கட்டிக்கொண்டான்.

கறை வற்றவில்லை. நாளாக ஆக அதற்குத் தோள்கள் வந்தன. பிறகு, மிதக்கும் தலைமுடி.

ஒரு மாதம் கழித்து டாக்டர் பிரஷரை இரண்டு முறை பார்த்தார்.

"மாத்திரை சாப்பிடுதீங்களா?"

"வீட்டுக்காரி வேளைக்குக் குடுக்குதா."

"பின்ன எப்படி ஏறும்? வலது கண்ணுலயும் தொடங்கிட்டு."

உச்சிவெயிலில் தட்டுத்தடுமாறி வீட்டுக்கு வந்தான். அமலோற்பவம் மாத்திரையை நீட்டினாள். எப்போதும் தண்ணீரோடு விழுங்குகிறவன் அன்று கடித்தான். பல் நறநறத்தது. துப்பி, விரலால் தடவினான். தேய்த்து உருட்டிய சங்குச் சில்லு.

"ஏளா, என்னது இது?"

"அவரு மூணு தடவ இழுத்தாராமே."

"யாரு சொன்னா?"

"தினமும் மருந்து விடுதேம்லா. அங்கன நின்னுதான் சொல்லுதாரு."

எழப் பார்த்தான். அவள் அவன் தோளை அழுத்தித் தலையை மடியில் சாய்த்தாள். கட்டைவிரலால் இடது இமையைத் தூக்கினாள். மல்லிகை வாசம். தலையில் பூ வைத்திருந்தாள்.

குனிந்தாள். சிரித்தாள். அவனைப் பார்த்து இல்லை.

"வாங்க," என்றாள், மெதுவாக.

வலது கண் சிவந்து மூடியது. இடது கண்ணுக்குள் கறை அவன் பக்கம் திரும்பியது. அதற்கு முகம் இருந்தது. பிறகு, உள்ளேயிருந்து, ஈரமான பத்து விரல்கள் அவன் விழியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன.