எண்ணெய்த் தாளுக்குள் ஒரு கை

மழை பிடித்த மூன்றாம் நாள் மத்தியானம் மாஸ்டர் தன் தகரப் பெட்டியைத் திறந்தபோது, மீன் கத்தியின் அலகில் ஒரு துருப் பொட்டு இருந்தது. ஒன்றே ஒன்று. சுண்டைக்காய் அளவு. வேறு வீடாக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வீட்டில் அது களவு போனதற்குச் சமம். ஹோட்டல் சமையலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும், பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அந்த ஏழு கத்திகளைப் போலத் துவட்டி வளர்த்ததில்லை என்று தெருவே சொல்லும். கழுவுவார், துடைப்பார், காற்றாட வைப்பார், தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசுவார், எண்ணெய்த் தாளில் சுற்றுவார். தோல் உறை ஆகாது; தோல் ஈரம் குடிக்கும். முக்கியமாக, அலகில் வெறும் விரல் படக்கூடாது. வியர்வை பட்ட இடம் நாலே நாளில் துரு. பஸ் ஸ்டாப்பில் அகப்பட்ட அந்நியர்களுக்குக்கூட இதைப் பாடம் எடுத்தவர் அவர்.

"என் பெட்டியத் தொட்டியா?"

"ஆமா, என் சக்களத்திங்களுக்குத் தலை வாரிவிட்டேன்," என்றாள் மனைவி. வாதாடும் வாய்க்காக அவளுக்குத் தெருவில் வக்கீலம்மா என்று பெயர். "சாவி உங்க சட்டைப் பையில. சட்டை உங்க உடம்புல. நான் எப்படித் தொடுறது?"

நியாயம்தான். ஆனாலும் அவள் சிரித்தபோது அவருக்குச் சுருக்கென்றது. வலது கை தானாக மூடிக்கொண்டது, எதையோ பிடித்திருப்பது போல. உதறிவிட்டு, உப்புத்தாளால் பொட்டைத் தேய்த்து, எண்ணெய் பூசிப் பூட்டினார்.

மறுநாள் நான்கு பொட்டுகள். அலகின் ஒரே பக்கத்தில், வரிசையாக. கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். ரேகை தெரிந்தது. விரல்கள். முதல் விரல் மட்டும் அரைகுறையாக, நுனி இல்லாமல்.

மறுபடி தேய்த்தார். இந்தத் தடவை பூட்டோடு விடவில்லை. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மழை தகரக் கூரையில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஈரத் துணியும் பழைய இரும்பும் கலந்த வாடை சுவரிலிருந்து இறங்கி, தரையோடு தவழ்ந்து, அவர் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. உள்ளறையில் மனைவி மத்தியானத் தூக்கத்தில் சன்னமாகக் குறட்டை விட, அந்தக் குறட்டைக்கும் மழைக்கும் நடுவில், மிக அருகில், எண்ணெய்த் தாள் கசங்கும் சத்தம் கேட்டது.

பெட்டிக்குள்ளிருந்து.

டேப் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பிய்த்தார். திறந்தார். தேய்த்து எடுத்த நான்கு விரல்களும் திரும்ப வந்திருந்தன. திருப்பினார். மறுபக்கத்தில், புதிதாக, ஒரு கட்டைவிரல்.

முப்பது வருஷம் கத்தி பிடித்தவருக்கு அந்தப் பிடி புரியக் கொஞ்ச நேரமானது. யாரும் கத்தியை அப்படிப் பிடிப்பதில்லை. கூர்முனைக்கு எதிராக, அலகோடு சேர்த்து, முழுக் கையால். தன்மேல் பாயும் கத்தியைத் தடுக்கிறவர்கள்தான் அப்படிப் பிடிப்பார்கள்.

எழுந்து உள்ளறைக்குப் போனார். மனைவியின் இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதோ பஸ் கதவில் நசுங்கிய ஆட்காட்டி விரல். பாதி விரல்.

அவள் இன்னும் அந்தக் கத்தியைப் பிடிக்கவில்லை.

இன்னும்.

வீட்டுக்குப் பின்னால் கால்வாய் நிரம்பி ஓடியது. அதில் எறிந்துவிட்டால் தீர்ந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு நடந்தார். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

"இந்த மழையில எங்க கெளம்பிட்டீங்க?"

எழுந்து வந்துவிட்டாள். தலை கலைந்து, கண் பாதி மூடி.

"இதக் கால்வாயில போடப்போறேன். நீ உள்ள போ."

"புத்தி கெட்டுப்போச்சா? முப்பது வருஷம் சோறு போட்ட கத்தி. இதுக்குத்தான் என்னை விரல் வைக்காதேன்னு விரட்டுனீங்களா? குடுங்க இங்க."

"கிட்ட வராத."

"வருவேன். என்ன பண்ணிடுவீங்க?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு. அவருக்குள் சுருக்கென்றது. போடு, கீழே போடு என்று தன் கைக்குச் சொன்னார். கை கேட்கவில்லை. விரல்கள் பிடியில் இறுகின. முனை திரும்பியது. அவர் திருப்பவில்லை. திரும்பியது.

"விளையாடாதீங்க," என்று அவள் இடது கையை நீட்டினாள்.

பிடித்தாள்.

ஒவ்வொரு விரலாக அதனதன் துருவின்மேல் உட்கார்ந்தது. பாதி விரல் பாதித் தடத்தில். பின்பக்கத்தில் கட்டைவிரல். மயிரிழை பிசகவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக அணையவில்லை. அவருடைய தோள், அவரைக் கேட்காமல், மெல்ல முன்னால் சாயத் தொடங்கியது. அவள் விரல்களுக்கு அடியிலிருந்து சிவப்பு கசிந்து, எண்ணெய் பூசிய அலகில் ஒட்டாமல், முத்து முத்தாக உருண்டு வந்தது.