தலைக்கு ஊற்றும் நாள்

பூரணம் அக்கா வருவார் என்று காலையிலேயே வேப்பிலைத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், சம்பூரில் இருக்கும் மருத்துவிச்சி. திருகோணமலைக் கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து மூத்தவளையும் அவர்தான் குளிப்பாட்டினார். இந்தமுறை பெடியன் பிறந்ததும் என் புருஷன் தவராசா வெற்றிலை பாக்குக் கொண்டுபோய்க் கையில் வைத்து அழைத்திருந்தார். வெற்றிலை வாங்கிவிட்டால் புயலென்றாலும் அந்த மனுசி தோணி ஏறி வந்துவிடும்.

தன் நீட்டிய கால்களில் பிள்ளையைக் கிடத்தி, பிள்ளையின் காலில் தொடங்குவார். பிறகு கை, வயிறு, நெஞ்சு, கழுத்து. தலை கடைசி. தலைக்கு ஊற்றியதும் வெயில் காட்டவென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

குசினிக்குள் போய்த் தண்ணீரோடு திரும்பினேன். பாயில் கிடந்த பிள்ளையின் கால் இரண்டும் ஈரம். பிடித்துவிட்ட சிவப்பு விரல் தடங்கள். அறையெல்லாம் பாசி மணந்தது.

“வந்திட்டீங்களோ அக்கா?”

வாசலை எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

மத்தியானம் தவராசா துறைமுக வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். விடியற்காலையில் கொட்டியாரக் குடாவில் தோணி கவிழ்ந்துவிட்டதாம். அக்காவின் உடல் கிடைக்கவில்லையாம்.

அடுத்த நாள் நான் ஏன் குசினிக்குப் போகிறேன்? பிள்ளைக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். கண் முன்னாலேயே அவன் கைகள் நீண்டு மடங்கின. வயிறு அமுங்கி எழுந்தது. நெஞ்சில் ஈரம் வழுக்கிப் போனது. பிள்ளை வீறிட்டான். முருகா முருகா என்று நானும் கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம்?

கப்பல்துறைக் கிராமத்தில் மச்சாள் வீட்டுக்கு ஓடினோம். அங்கே விடிந்ததும் கழுத்து நனைந்திருந்தது.

இனித் தலைதான்.

அன்று பின்னேரம் கடற்கரைக்குப் போன தவராசா, முகம் தெளிந்து வந்தார்.

“பயப்பிடாதை. ‘பிள்ளையை விடுங்கோ அக்கா’ எண்டு மன்றாடி, கடலிலை வெத்திலை பாக்கு வைச்சிட்டு வந்தனான்.”

அவர் கையைப் பிடித்து உலுக்கினேன்.

“ஐயோ மனுசா! வெத்திலை வைச்சனீங்களோ? அது கூப்பிடுறதெல்லே!”



காலையில் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். எங்கள் இருவரையும் சேர்த்துத் தவராசா கட்டிப்பிடித்தார். வெயில் ஏறியது.

பிள்ளையின் உச்சி நனைந்தது.

யாரோ உள்ளங்கையால் அவன் தலையை அமத்தினார்கள், மிகவும் பக்குவமாக. நான் விடவில்லை. அந்தக் கையும் விடவில்லை.

பிள்ளை என் கையில்தான் இருந்தான். வாய் மூடியிருந்தது.

அவன் அழுகை மட்டும் வாசலைத் தாண்டி, முற்றத்து வெயிலில் கொஞ்சம் நின்று, கடற்கரைப் பக்கமாகப் போனது.

இது அறுபத்தேழில். இப்போது அவனுக்குப் பதினாலு வயது. இன்றுவரை ஒரு சத்தமும் வரவில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் டாக்குத்தர்மார். காலையில் தேத்தண்ணி கொடுக்கப் போகும்போது அவன் தலையைத் தடவிப் பார்ப்பேன்.

ஈரம். விரலை நாக்கில் வைத்தால் உப்பு.